ராத்தங்காதவள்

முட்டையிடுகிற கோழியை யாராவது அறுப்பார்களா? அவள் அறுத்தாள். நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்குப் போன புதுசு. நல்ல செவலைக் கோழி, நாள் தவறாமல் முட்டை வைக்கும். அது செய்த குற்றம் என்னவென்றால், பொழுது சாய்ந்ததும் தன் கூட்டுக்குப் போகாமல் எங்கள் வீட்டு முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்து பழகிவிட்டது. அவ்வளவுதான். ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வாசம் வருகிறது. கிண்ணத்தில் எனக்கும் கொண்டுவந்து வைத்து, உங்க மரத்துக் கோழிதானே, நீயும் தின்னு என்றாள். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. முட்டை இடுறதைப் போய் இப்படிப் பண்ணிட்டியே அக்கா என்று இழுத்தேன்.

"பொழுது போனா வூடு சேரத் தெரியாததை வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண?" என்றாள்.

அதைச் சொன்ன முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. இவளோடா காலம் முழுக்கப் பக்கத்து வீட்டில் குடியிருக்கப் போகிறோம் என்று எனக்குத் திக்கென்றது.

அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. தெருவிலும் யாரும் சொன்னதில்லை. கடைசி வீட்டக்கா என்றால் எல்லாருக்கும் தெரியும். மன்னார்குடியிலிருந்து கிழக்கே போகிற வாய்க்கால் கரையை ஒட்டி எங்கள் தெரு. எல்லாரும் பண்ணையில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற சனம். தெருவின் கடைசியில், பண்ணை வயலுக்கு வரப்பு மட்டுமே தள்ளி, தாழ்ந்த மனையில் அவள் வீடு. புருசன் இல்லை. ஒரே மகள். தாலி அறுத்த வீடு என்று யாரும் பரிதாபப்படும்படி அவள் நடந்துகொண்டதில்லை. பரிதாபப்பட்டால் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள், உன் வூட்ல உலை வச்சாச்சா என்று.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவரும் கூரையும்தான் எங்களுடையது. கீழே இருந்த மண் பண்ணைக்குச் சொந்தம். கூலி கூடக் கேட்டால், சங்கத்துக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்ததை யாராவது போய்ச் சொன்னால், பண்ணையின் காரியக்காரர் வந்து வாசலில் நின்று, மனையைக் காலி பண்ணிக்குங்க என்பார். அப்புறம் பேச்சே கிடையாது. ஆட்சி மாறியிருந்தது. கடைத்தெரு முனையில் கருப்பு சிவப்பு, எங்கள் தெரு முனையில் செங்கொடி. கொடிகள் பறந்தன. மண் மட்டும் இருந்த இடத்திலேயே, இருந்தவர் பெயரிலேயே இருந்தது.

இவளோ அந்த இரவல் மண்ணில் கோட்டை மாதிரி ஒரு கோழிக்கூடு கட்டி வைத்திருந்தாள். அவள் வீட்டுச் சுவரில் விரிசல் கிடக்கும், கூட்டுச் சுவரில் ஒரு கீறல் இருக்காது. களிமண்ணோடு உமியைப் போட்டு மிதித்துக் குழைத்து இடுப்பு உயரம் எழுப்பிய சுவர். அடியில் மூங்கில் பிளாச்சைக் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பரப்பி, எச்சம் கீழே விழுகிற மாதிரி செய்திருந்தாள். அதைச் சாம்பலோடு வாரி எடுக்கப் பின்பக்கம் ஒரு திறப்பு. உள்ளே குறுக்கே பூவரசங்கழி, கோழி காலால் பிடித்துக்கொண்டு தூங்க. கிழக்கே பார்த்த வாசலில் மேலிருந்து இறக்குகிற பலகை. அமாவாசைக்கு அமாவாசை கூட்டைக் காலி செய்து, வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் புகை பிடிப்பாள். கோழியைத் தொட்டால் நம் கையில் ஏறி ஊருமே, அந்தச் செல்லுப் பூச்சி அவள் கூட்டில் கிடையாது. சாயங்காலம் பலகையை இறக்குவது மட்டும் அவள் வேலை. மகளைக்கூட விடமாட்டாள்.

அவள் கட்டியதெல்லாம் சரியாக இருந்தது என்றும் இல்லை. காற்று வரட்டும் என்று சுவரில் ஒரு மூங்கில் குழாயைச் செருகி வைத்தாள். ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். பாதி உள்ளே பாதி வெளியே ஒரு நல்ல பாம்பு. மெலிந்த உடம்போடு உள்ளே போய் முட்டையை விழுங்கியிருக்கிறது. திரும்பி வரும்போது வயிறு குழாய்க்குள் இறுகிக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் தெருவே ஓடிவந்தது. ஆம்பளைகள் தடியோடு வந்தார்கள். இவள் நிதானமாக நின்று, தின்னுட்டுச் சத்தமில்லாமப் போயிடலாம்னு பாத்துருக்கு என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் குழாயைப் பிடுங்கிவிட்டு ஓட்டையை அடைத்தாள்.

அந்தக் கார்த்திகையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டது. கூடு கரைந்து போயிற்று. கோழிகளைப் பரணில் ஏற்றி வைத்துக் கொண்டாள். தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் சொன்னோம், மேட்டுப் பக்கம் பூவரசு நிழலில் கட்டிக்கோயேன் என்று. கேட்டால்தானே. கூடு இடம் மாறினால் கோழி குழம்பிப்போகும், ஆரம்பத்திலேர்ந்து பழக்கணும் என்றாள். புதுக் கோழி வாங்கினாலும் அப்படித்தான். காலில் கயிறு போட்டுக் கூட்டு வாசலிலேயே கட்டிப்போட்டு, அது இடம் படித்த பிறகுதான் அவிழ்ப்பாள். ஆக, அதே பள்ளத்தில் மறுபடியும் கூடு. இந்தத் தடவை அடியில் கல் போட்டு உயர்த்தப் போவதாகச் சொன்னாள். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் பூமி எங்களுடையது. ஆள் ஆழம் தோண்டினாலும் கூழாங்கல் கிடைக்காது. பிள்ளைகள் மாங்காய் அடிக்கவே மண்ணாங்கட்டியைத்தான் எடுப்பார்கள்.

அவள் தேடினாள். இடிந்த மதகின் செங்கல், யார் வீட்டிலோ பிளந்த ஆட்டுக்கல், உரலின் அடித்துண்டு. சாவு வீட்டுக்குப் போனாலும் கண் கொல்லைப்பக்கம் போகும். எங்கள் மாமியார் காலத்து அம்மி ரெண்டாக உடைந்து கிடந்தது. பாதியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். ஊரில் உடைஞ்சதெல்லாம் இவ வூட்டுக்குத்தான் என்று தெருவே கேலி பேசியது. எல்லாவற்றையும் பள்ளத்தில் பரப்பி, மண் இட்டுக் கெட்டித்து, அதன்மேல் கூட்டை எழுப்பினாள்.

கேலி பேசினோமே தவிர, அவளிடம் ஒரு விஷயத்தை யாராலும் ஜீரணிக்க முடியவில்லை. அவள் எங்கேயும் ராத்தங்க மாட்டாள். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, எதுவானாலும் சரி. காலையில் போவாள், விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடுவாள். முகூர்த்தம் மறுநாள் என்றாலும் முதல் நாளே மொய்யைக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புவாள்.

அதெல்லாம்கூடப் போகட்டும். அவள் அண்ணன் செத்தபோது நான் கூடப் போயிருந்தேன். ஆற்றைத் தாண்டினால் அவர் ஊர். கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான். மெட்ராஸிலிருந்து மகன் வரவேண்டும், மறுநாள் காலையில்தான் எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். இவள் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் மாரடித்து அழுகிறார்கள், இவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வாசலில் வெயில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய ஆரம்பித்ததும் எழுந்து, புடவையை உதறிக்கொண்டு, அண்ணன் காலைத் தொட்டுவிட்டு நடந்தாள். அண்ணிக்காரி ஓடிவந்து கையைப் பிடித்தாள். பொறந்தவ இல்லாம எப்படித் தூக்குறது, சொல்லு என்று கெஞ்சினாள். கையை உருவிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூட வந்த எனக்கே அங்கே தலைகாட்ட முடியவில்லை. நாலு கோழியைக் கூட்டில் அடைக்கத்தான் அண்ணன் பிணத்தை விட்டுவிட்டுப் போகிறாள் என்று அந்த ஊர்ப் பெண்கள் காறித் துப்பினார்கள். ரொம்ப நாள் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ ஒரு மனுஷியா என்று கேட்கவேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை.

சில வருசம் போயிற்று. குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்தது. எங்களால் நம்பவே முடியவில்லை. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து மனை மனையாகப் பார்ப்பார், வீடு இருந்தால் எழுதிக்கொள்வார், அந்த மண் நம் பெயருக்கு வரும். செவ்வாய்க்கிழமை எங்கள் தெரு என்று தண்டோரா போட்டுவிட்டுப் போனார்கள். புரட்டாசி மாசம், சம்பா நடவு மும்முரம். காரியக்காரர் அந்த வாரம் ரெண்டு தடவை கடைசி வீட்டுப் பக்கம் வந்து வரப்பில் நின்றுவிட்டுப் போனார். பண்ணை வயலை ஒட்டிய மனையாயிற்றே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மகளுக்கு வலி கண்டது. பிரசவத்துக்கு வந்திருந்த பெண். மருத்துவச்சி பார்த்துவிட்டு, தன்னால் ஆகாது, மன்னார்குடிக்குக் கொண்டுபோங்க என்றுவிட்டாள். மாட்டு வண்டியில் மகளைக் கிடத்தி, நானும் அக்காவும் போனோம். போகும்போதும் கோழியைப் பற்றிப் பேசினாள். என் வீட்டுக்காரரிடம் பலகையை இறக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பிள்ளை பிறந்ததும் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு. வலி நீண்டு ஞாயிறு ராத்திரி அங்கேயே விடிந்தது, அவள் கண் மூடவில்லை. பிள்ளை திங்கட்கிழமை பிறந்தது. ஆனால் பெண்ணுக்கு உதிரம் நிற்கவில்லை. டாக்டரம்மா முகமே சரியில்லை.

திங்கள் சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் வாசலைப் பார்க்கிறாள், உள்ளே கட்டிலைப் பார்க்கிறாள். நீ போ அக்கா, நான் இருக்கிறேன், நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு என்றேன். அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் சொன்னாள்.

சின்ன வயசில் அப்பன் ஆத்தாளோடு குடும்பமே திருவிழாவுக்குப் போயிருக்கிறார்கள். ஒரே ஒரு ராத்திரி. திரும்பி வந்தால் வீடு இல்லை. சுவரைத் தள்ளி ஏர் ஓட்டியிருந்தார்கள். யாரிடம் போய்க் கேட்டாலும் இங்க ஏது வூடு என்றார்களாம். மதகுக் கட்டையின் அடியில் கிடந்தார்கள். அண்ணன்தான் இவளை மடியில் போட்டுக்கொண்டு கிடந்தாராம்.

"அண்ணன் அன்னைக்குச் சொல்லுச்சு, எது போனாலும் ராத்திரிக்கு வூட்டுல இருந்துடுன்னு. அது செத்தன்னைக்கும் அது பேச்சைத்தான் கேட்டேன் புள்ள."

இத்தனை வருசமும் கல் நெஞ்சு என்று நாங்கள் ஏசியது இதைத்தானா? அவள் அன்று ராத்திரியும் மகளை விட்டு நகரவில்லை. செவ்வாய் விடியும்போது உதிரம் நின்றது. டாக்டரம்மா இனி பயமில்லை என்றதும், சேதி கேட்டு வந்திருந்த மாப்பிள்ளை வீட்டாரைக் காவல் வைத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தோம்.

வாய்க்கால் பாலத்தில் இறங்கித் தெருவுக்குள் திரும்பினோம். கடைசி வீட்டைக் காணோம்.

இடிந்து கிடந்தால்கூடப் புரிந்திருக்கும். எரிந்து கிடந்தால்கூட. அங்கே நாற்று நட்டிருந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை, அடுப்பு இல்லை, கூடு இல்லை. பண்ணை வயல் அப்படியே நீண்டு எங்கள் வீட்டு வேலி வரைக்கும் வந்துவிட்ட மாதிரி, தண்ணீர் கட்டி, வரிசை பிடித்து, பச்சைப் பசேலென்று நாற்று. காற்றில் ஆடுகிறது. தெரு மாறி வந்துவிட்டோமா என்று திரும்பி ஒருதரம் பார்த்தேன். அக்கா ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை எல்லாரும் தூரத்து வயலில் நடவுக்குப் போன நேரம் பார்த்து வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கியிருக்கிறார்கள். சுவரைத் தள்ளி, மட்டம் பண்ணி, தண்ணியைத் திறந்து, உழுது, நட்டுவிட்டார்கள். சேதி தெரிந்து ஓடிவந்தால் வாய்க்கால் கரையில் போலீஸ் ஜீப் நின்றது, யாரும் கிட்டே போகமுடியவில்லை என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். சாயங்காலம் கோழிகள் வந்தனவாம். தடியால் அடித்து விரட்டியிருக்கிறார்கள். அகப்பட்டதைத் தின்றும் இருப்பார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஒவ்வொரு வீடாக எழுதிக்கொண்டே வந்து கடைசியில் நின்றார். தெருவே திரண்டு சொன்னோம், இங்கதாங்க ஐயா வூடு இருந்துச்சு என்று. காரியக்காரர் சிரித்தபடி, அது எப்பவும் நஞ்சைதாங்க என்றார். அந்தப் பொம்பளை இவங்க வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள் என்று என் வீட்டைக் கை காட்டினார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் எத்தனை பேர் சாட்சி சொன்னோமோ, அத்தனை பேரை அவரும் கொண்டுவந்து நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் இருப்பது வயல். அவர் என்ன எழுதுவார்? மற்ற மனைகளுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டே நேரம் போயிற்று. அக்கா ரோட்டோரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

பொழுது சாய்ந்தது. இன்ஸ்பெக்டர் சைக்கிளை எடுத்துவிட்டார்.

அப்போது வேலி ஓரத்திலிருந்து ஒரு கருங்கோழி வந்தது. வரப்பில் ஏறி நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. அங்கும் இங்கும் நடந்தது. பிறகு தண்ணீரில் குதித்தது. கோழி தண்ணீரில் இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? இறகெல்லாம் நனைய, நாற்றை மிதித்துக்கொண்டு, விழுந்து எழுந்து போயிற்று. வயலுக்குள் ஒரு இடத்தில் போய் நின்றது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் சேவல். எங்கெங்கோ சிதறிக் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து, வரப்பில் தயங்கி, சேற்றில் இறங்கின. பக்கத்தில் எங்கள் முருங்கை மரம் நிற்கிறது, வேறு கூடுகள் இருக்கின்றன. ஒன்றும் அந்தப் பக்கம் போகவில்லை. எல்லாம் அதே இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கிழக்கே பார்த்து, தண்ணீரில் அடைந்தன.

காரியக்காரர் ஆளைப் பார்த்து, விரட்டுடா என்றார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டித் தடுத்தார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். முழங்கால் வரைக்கும் சேறு. கோழிகள் நிற்கிற இடத்துக்குப் போனதும் ஒரு படி ஏறினாற்போல் உயர்ந்து நின்றார். கீழே காலால் துழாவினார். குனிந்து ரெண்டு கையையும் விட்டுப் புரட்டினார். சேறு வழிய வழிய அவர் தூக்கிய பாதிக் கல்லைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கள் மாமியார் அம்மி.

"நஞ்சைக்கு அடியில அம்மி எப்படிய்யா வந்துச்சு?" என்று காரியக்காரரைக் கேட்டார்.

அவர் தன் ஆளைத் திரும்பிப் பார்த்தார். உழுதவனுக்கு ஏர்க்கொழு கல்லில் தட்டியிருக்கும். அவசரத்தில் சுற்றி ஓட்டிவிட்டுப் போய்விட்டான். இன்ஸ்பெக்டர் மேலும் புரட்டினார். உரல் துண்டு வந்தது, மதகுச் செங்கல் வந்தது. ரோட்டோரம் திரும்பி, இங்க குடியிருந்தது யாரும்மா என்று கேட்டார். நான்தான் அக்காவின் கையைப் பிடித்துத் தூக்கினேன்.

மறுபடியும் வீடு எழும்பியது, தெருவே சேர்ந்து கட்டியது. அதே கல்லின் மேல் கூடும் எழும்பியது. வழக்கு, வாய்தா என்று இழுத்தடித்து, ஒருநாள் எங்கள் எல்லாருக்கும் பட்டா வந்தது. தெருவில் வெடி போட்டார்கள். அவள் மட்டும் பட்டாவை வாங்கி மகள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம், கோழி அடைகிற நேரம், தலை வாரி, வெளுத்த புடவை கட்டி, கையில் மஞ்சப்பையோடு என் வாசலில் வந்து நின்றாள். இத்தனை வருசத்தில் அந்த நேரத்தில் அவள் வெளியே கிளம்பி நான் பார்த்ததில்லை.

"இந்நேரத்துல எங்கக்கா?"

"அண்ணன் வூட்டுக்கு."

அண்ணன் செத்து எத்தனை வருசமாயிற்று. இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோய் அவள் முகத்தையே பார்த்தேன்.

"அன்னைக்கு நான் அழுவல புள்ள. போயி அழுதுட்டு வரேன். ராத்தங்கிட்டு நாளைக்குத்தான் வருவேன்" என்றாள். ரெண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள். "எல்லாம் உள்ள வந்ததும் பலகைய நீயே இறக்கிடு."

நான் போய்க் கூட்டு வாசலில் நின்றேன். அவள் வாய்க்கால் கரையில் பாதித் தூரம்கூடப் போயிருக்கமாட்டாள். அண்ணே என்று ஒரு குரல் எடுத்தாள். தெருவில் அவரவர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, நிற்கவில்லை, அழுதுகொண்டே நடந்தாள். பாலம் தாண்டியும் கேட்டது. கோழிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. நான் பலகையை இறக்கினேன்.